விமானம் இறங்கிய பிறகு தொடங்கும் பயணம்

வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலுக்குத் திரும்பும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். துபாயிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அதை விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. சென்னை விமான நிலையத்திலிருந்து சந்தவாசலுக்குச் சாலைவழியே சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆயினும் பேருந்தையும் இரயிலையும் நம்பிப் போகிறவருக்கு இதற்கும் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. முதல் நான்கு மணி நேரத்தில் அவர் இருக்கையில் சாய்ந்திருந்தார். பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் கிடந்தது. இரண்டாவது நான்கு மணி நேரத்தில் பெட்டி அவர் கையில் இருக்கிறது. அலுப்பெல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான்.

விமானத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இறக்கையைப் பற்றியும் எந்திரத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். இறங்கிய பயணி தன் பெட்டியுடன் நகருக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதும் ஒரு வரலாறுதான். அதில் இலண்டனுக்கும் டோக்கியோவுக்கும் நம் மீனம்பாக்கத்துக்கும் இடமுண்டு.

பெட்டி ஏன் கனக்கிறது?

முதலில் சிறிது பௌதிகம். விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணிக்கு 20 கிலோ, முதல் வகுப்புப் பயணிக்கு 30 கிலோ என்பது நெடுங்காலம் வழக்கில் இருந்த சுமை வரம்பு. 20 கிலோ பெட்டியைத் தூக்கிப் பிடிக்க ஏறத்தாழ 196 நியூட்டன் விசை வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு 5 மீட்டர் உயரப் படிக்கட்டில் ஏறினால், பெட்டியை உயர்த்தச் செய்யும் வேலை சுமார் 980 ஜூல். இது கால் கிலோகலோரிக்கும் குறைவு! ஒரு வாய்ச் சோற்றில் இதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு. பின் ஏன் மூச்சு வாங்குகிறது?

காரணம் இரண்டு. நம் தசை, மேசையைப் போன்றது அன்று. மேசை தன்மேல் உள்ள பெட்டியை ஆண்டுக்கணக்கில் ஆற்றல் செலவின்றித் தாங்கும். தசையோ, பெட்டியை அசையாமல் பிடித்திருக்கும்போதும் தன் நார்களைச் சுருக்கிவைக்க இடைவிடாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. இரண்டாவது, ஒரு கையில் தொங்கும் சுமை உடலை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. அந்தத் திருப்புவிசையை எதிர்த்து முதுகும் இடுப்பும் மறுபக்கம் இழுக்கவேண்டியிருக்கிறது.

மலையடிவாரத்து மக்கள் தலையில் சும்மாடு வைத்துச் சுமை ஏற்றுவதன் நுட்பம் இதனால் புரியும். தலைச்சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே அமர்வதால் திருப்புவிசை மிகக் குறைவு. கென்யாவில் தலைச்சுமை தூக்கிப் பழகிய பெண்களை ஆராய்ந்து 1986-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கூடுதல் ஆற்றல் செலவின்றியே சுமந்து நடந்ததாகக் கண்டது. கைப்பிடி வைத்த தோற்பெட்டியோ இந்த வகையில் தலைச்சுமைக்கு நேர்மாறானது. அது சுமைகூலி ஆள் இருந்த காலத்துக்காகச் செய்யப்பட்டது.

நிறுத்து ஏற்றிய காலம்

தொடக்கக் கால விமானங்களில் பெட்டியை மட்டுமன்றிப் பயணியையும் நிறுத்தார்கள். 1920 முதல் இலண்டனின் விமான நிலையமாக விளங்கிய கிராய்டனில், பயணி தம் பெட்டியோடு தராசில் ஏறி நிற்கவேண்டும். சில பேரையே ஏற்றும் சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. விமான நிலையங்கள் ஊருக்கு வெளியே இருந்ததற்கும் காரணங்கள் உண்டு. நீண்ட சமவெளி வேண்டும். இறங்கும் வழியில் உயர்ந்த கட்டடம் இருக்கலாகாது. இரைச்சலை ஊர் பொறுக்காது. நகரத்தின் நடுவிலேயே முளைத்த இரயில் நிலையத்துக்கு இல்லாத தொல்லை இது.

அக்கால விமானக் கம்பெனிகள் கண்ட தீர்வு எளிமையானது. நகரத்தின் நடுவில் ஓர் அலுவலகம் வைத்தார்கள். பயணி அங்கே வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கம்பெனியின் பேருந்தில் ஏறி அமர்வார். பெட்டி தனியே விமானத்துக்குப் போய்ச் சேரும். 1939-இல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி இலண்டன் விக்டோரியா இரயில் நிலையத்தை ஒட்டிப் பெரியதொரு நகர முனையத்தையே கட்டியது. கடல் விமானங்களில் செல்வோர் அங்கிருந்து தனி இரயிலில் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்குப் போனார்கள். போருக்குப் பின் 1957-இல் மேற்கு இலண்டனில் குரோம்வெல் சாலையில் இன்னொரு நகர முனையம் திறக்கப்பட்டது. விமானமே இல்லாத விமான நிலையம் என்று இதைச் சொல்லலாம்!

இந்த ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை? 1970-இல் போயிங் 747 என்னும் ஜம்போ விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஒரு விமானத்தில் 350 பேர் வந்து இறங்கினால், 40 பேர் அமரும் பேருந்துகள் ஒன்பது வேண்டும். அவை ஒன்பதும் நகரத்துச் சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லவேண்டும். நெரிசலில் சிக்கிய பேருந்துக்காக விமானம் காத்திருக்க முடியாது. குரோம்வெல் சாலை முனையம் 1970-களின் முற்பகுதியிலேயே மூடப்பட்டது.

இரயில் விமானத்தைத் தேடிச் சென்றது

இரண்டாவது தீர்வு, இரயிலையே விமான நிலையத்துக்குக் கொண்டுபோவது. பெர்லின் நகரில் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தருகே 1927-இல் ஒரு சுரங்க இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு ‘விமான நிலையம்’ என்றே ஜெர்மானிய மொழியில் பெயர் வைத்தார்கள். 1936-இல் இலண்டனுக்குத் தெற்கே கேட்விக்கில் தேன்கூடு போல வட்டமான முனையம் ஒன்று கட்டப்பட்டது. அதிலிருந்து இரயில் நிலையத்துக்கு ஒரு சுரங்க நடைபாதை. விக்டோரியாவில் இரயில் ஏறினால் மழையில் நனையாமலே விமானத்தருகே போய்விடலாம். 1958-இல் கேட்விக் புதிதாகக் கட்டப்பட்டபோதும் முனையமும் இரயில் நிலையமும் ஒன்றாகவே அமைந்தன.

டோக்கியோ நகரம் 1964 ஒலிம்பிக் போட்டிக்கு முன் ஹனேடா விமான நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாள இரயில் விட்டது. இலண்டனின் ஹீத்ரோ 1946-இலேயே பயணிகளுக்குத் திறக்கப்பட்டாலும், சுரங்க இரயில் அங்கே போய்ச் சேர்ந்தது 1977 டிசம்பரில்தான். இடையில் 31 ஆண்டுகள்! அந்தப் பாதைக்கென 1970-களில் செய்த பெட்டிகளில் கதவருகே கூடுதல் இடம் விட்டிருந்தார்கள். பெட்டியுடன் வருபவருக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதை இரயில் பொறியாளர்கள் அப்போது கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

மீனம்பாக்கத்தின் நற்பேறு

இனி நம் ஊருக்கு வருவோம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயில் அதைப் பெற்றுக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். இந்தியாவின் முதல் உள்நாட்டு ஒழுங்கு விமானத் தபால் சேவை அது. அந்தச் சேவையில் சென்னைக்கு வந்த முதல் பயணிகள் தபால் மூட்டைகள்தாம். மூட்டைகளுக்குப் பெட்டி தூக்கும் கவலை இல்லை!

ஆனால் விமானத் தபால் வருவதற்கு ஓராண்டு முன்னரே, மீனம்பாக்கத்தின் வழியே மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தென்னிந்திய இரயில்வே கம்பெனி கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையை மின்மயமாக்கி, 1931 மே 11 அன்று போக்குவரத்துக்குத் திறந்தது. இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்தபடியாக மின்சார இரயில் கண்ட நகரம் சென்னை. ஆக இலண்டனும் டோக்கியோவும் பெரும் பொருட்செலவில் விமான நிலையத்துக்கு இரயிலைக் கொண்டுசென்றன. சென்னையிலோ இரயிலுக்கு அருகிலேயே விமான நிலையம் வளர்ந்தது. 1954-இல் மீனம்பாக்கத்தில் பயணிகள் முனையம் எழுந்தது. 1980-களில் புதிய முனையங்கள் திரிசூலத்துக்கு எதிரே அமைந்தன. அப்போதும் சாலைக்கு அப்பால் அதே இரயில் பாதை.

இவ்வளவு நற்பேறு இருந்தும் பெட்டியுடன் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வாடகைக் காரைத்தான் நாடினார்கள். ஏன்? முனையத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் குறுக்கே ஜி.எஸ்.டி. சாலை கிடக்கிறது. அதன் அடியில் செல்லும் சுரங்கப் பாதைக்குப் படி இறங்கவேண்டும். பிறகு படி ஏறவேண்டும். ஏறிய வண்டியோ அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்காக ஓடுவது. நிலையத்தில் நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காலை நெரிசலில் பெரிய பெட்டியோடு ஏறுவது ஒரு வீரச்செயல்! 2004-இல் மீட்டர் பாதை முற்றிலும் நீங்கி அகலப் பாதை வந்தபின் பெட்டிகள் அகலமாயின, படிக்கட்டு மாறவில்லை. சில நூறு மீட்டர் தூரத்து இரயிலை எட்டாத் தொலைவுக்குத் தள்ளி வைத்தவை இந்தப் படிகளே.

சக்கரம் பெட்டியைத் தேடி வந்தது

சக்கரம் மனிதனிடம் ஐயாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. பயணப் பெட்டிக்கோ அது பரவலாக வந்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1970-இல் பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர், விடுமுறை முடிந்து இரண்டு கனத்த பெட்டிகளுடன் விமான நிலையச் சுங்கச் சோதனையில் நின்றிருந்தார். அப்போது ஒரு தொழிலாளி கனமான எந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிச் சென்றதைக் கண்டார். பெட்டிக்குச் சக்கரம் பூட்டும் எண்ணம் அங்கே பிறந்தது. 1972-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய பெட்டியைப் படுக்கை வாட்டில் நாலு சக்கரத்தில் நிறுத்தி, வாரால் இழுத்துச் செல்லவேண்டும். திருப்பத்தில் அது சாய்ந்துவிடும். 1987-இல் விமானியான ராபர்ட் பிளாத் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீட்டிச் சுருக்கும் கைப்பிடியும் வைத்தார். இன்று நாம் எங்கும் காணும் பெட்டி அதன் வழிவந்தது.

இவ்வளவு எளிய எண்ணம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? விமானம் வசதி படைத்தவர்களுக்கு உரியதாயிருந்த வரையில் பெட்டியைத் தூக்கியவர் பயணி அல்லர். கூலிக்குத் தூக்கியவர் வேறொருவர். சாதாரண மக்கள் விமானம் ஏறத் தொடங்கியபோது பெட்டி பயணியின் கைக்கே வந்தது. அதன் பிறகுதான் பெட்டியின் கனம் கண்டுபிடிப்பாளர்களின் கண்ணில் பட்டது!

சமதரையில் உருளும் பெட்டியை இழுக்க, அதன் எடையில் நூற்றில் சில பங்கு விசை போதும். 196 நியூட்டன் என்றது சில நியூட்டனாகக் குறைகிறது. ஆனால் ஒரே ஒரு படி குறுக்கிட்டாலும் முழு எடையும் மீண்டும் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே சக்கரத்தின் பயன் சக்கரத்தில் மட்டும் இல்லை. தரையில் பாதி இருக்கிறது. சாய்தளமும் மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் வந்த இடத்தில்தான் சக்கரப் பெட்டி முழுமை பெற்றது.

சென்னை மெட்ரோ இரயில் 2016 செப்டம்பர் 21 அன்று விமான நிலையத்தை எட்டியது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைச் சுரங்கப் பகுதி முடிந்ததும் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு அண்ணா சாலை வழியே நேராகப் போக முடிந்தது. 1931-ஆம் ஆண்டின் மின்சார இரயிலும் அதே விமான நிலையத்தருகே ஓடுகிறது. கட்டணமும் மிகக் குறைவு. அப்படியிருந்தும் பெட்டியோடு வருபவர் மெட்ரோவை நாடுவதற்கு முதல் காரணம், முனையத்திலிருந்து இரயில் பெட்டி வரை படி ஏறாமலே போக முடிவதுதான்.

தூரத்தைவிடப் பெரிய அளவு

இப்போது சந்தவாசல் இளைஞரிடம் திரும்புவோம். கார் வைத்துக்கொள்ள மனமில்லை. வழியெல்லாம் இரயிலும் பேருந்தும்தான். திரிசூலத்தில் மின்சார இரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குகிறார். எதிரே உள்ள சென்ட்ரலில் வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்குகிறார். அங்கிருந்து நகரப் பேருந்தில் வேலூர். வேலூரிலிருந்து போளூர், திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் கண்ணமங்கலம் தாண்டிச் சந்தவாசல். மொத்தம் நான்கு வண்டிகள். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என எட்டு முறை பெட்டியைத் தூக்கவேண்டும். இடையில் வரும் படிக்கட்டுகள் தனிக் கணக்கு.

2024 மே மாதத்தில் சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் இரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அதில் வருபவர் திரிசூலத்திலிருந்து கடற்கரை நிலையம் சென்று, அந்த வண்டியில் கண்ணமங்கலத்திலோ போளூரிலோ இறங்கிப் பேருந்து ஏறலாம். இப்போது மூன்று வண்டிகள். ஆறு முறை தூக்கினால் போதும். தூரம் சிறிதும் குறையவில்லை; நாளுக்கு ஒரு வண்டி என்பதால் நேரமும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் பெட்டியோடு வருபவருக்கு அது பெரிய முன்னேற்றம். பெட்டி சுமப்பவருக்குக் கிலோமீட்டரைவிடப் பெரிய அளவுகோல், எத்தனை முறை மாறவேண்டும் என்பதே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் வேறொன்றும் புலப்படும். 2016-இல் விமான நிலையத்தில் ஏறி, ஆலந்தூரில் மாறி, கோயம்பேடு பேருந்து நிலையத்தின் வாசலிலேயே இறங்க மெட்ரோ வழி செய்தது. வெளியூர்ப் பேருந்துகள் அங்கே காத்திருந்தன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தெற்கே செல்லும் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்பவையும் அவற்றில் சேரும். திறந்தபோது அங்கே மெட்ரோவும் இல்லை. மின்சார இரயில் நிலையமும் இல்லை. நகர நெரிசலைக் குறைக்க அந்த மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பெட்டிக்காரரின் கணக்கில் ஒரு வண்டி கூடிவிட்டது.

காலியாகக் கிடந்த நிலையம்

இதைவிடப் பெரிய தவறுகளும் நடந்திருக்கின்றன. டோக்கியோவின் நரிடா விமான நிலையம் 1978 மே மாதம் திறக்கப்பட்டது. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதிவேக இரயில் வரப்போகிறது என்று முனையத்தின் அடியில் நிலையத்துக்கான இடத்தைக் கட்டியே வைத்தார்கள். நிலம் கொடுக்க மறுத்த மக்களின் எதிர்ப்பால் அந்தப் பாதை கைவிடப்பட்டது. தனியார் இரயிலில் வந்தவர்கள் சற்றுத் தொலைவில் இறங்கிப் பேருந்தில் முனையம் சேர்ந்தார்கள். அடியில் கட்டிய நிலையம் 1991 வரை, 13 ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. அதன்பிறகே வேறு இரயில்கள் அதற்குள் வந்தன. நம்மவர் பலர் பணிபுரியும் மலேசியாவில், 1998-இல் கோலாலம்பூர் விமான நிலையம் சுபாங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள சிப்பாங்குக்குப் பெயர்ந்தது. நகருக்கு விரைவு இரயில் ஓடியது 2002-இல். அதே 1998-இல் ஹாங்காங் தன் புதிய விமான நிலையத்தையும் விரைவு இரயிலையும் ஒரே வாரத்தில் திறந்தது. நகர நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைக்கவும் வழி செய்தது. 2011-இல் புது டில்லி விமான நிலைய மெட்ரோவும் இந்த முறையைப் பின்பற்றியது. 1939-இன் விக்டோரியா முனையம் இரயிலோடு சேர்ந்து மறுபிறவி எடுத்ததுபோல!

ஆனால் இங்கும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நகரத்தில் பெட்டியை ஒப்படைக்கும் வசதி புறப்பட்டுப் போகிறவருக்கு மட்டுமே. திரும்பி வருகிறவருடைய பெட்டி விமான நிலையத்திலேயே அவர் கையில் தரப்படுகிறது. வீட்டாருக்கென்று ஆண்டுக்கணக்கில் சேர்த்ததையெல்லாம் நிரப்பிக்கொண்டு வரும் பெட்டி அதுதான், கனமானதும் அதுதான்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் அமையும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. நிலத்தையும் நீர்நிலைகளையும் இழக்கவேண்டிய கிராம மக்கள் அதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அந்த வழக்கின் நியாயம் தனியே பேசவேண்டியது. ஆனால் எந்த ஊரில் எந்த விமான நிலையம் எழுந்தாலும், ஓடுபாதையின் நீளத்தைக் கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இரயில் முதல் நாளே வருமா? முனையத்திலிருந்து இரயில் பெட்டி வரை எத்தனை படிகள்? இரயில் இறக்கிவிடும் இடத்தில் ஊருக்குப் போகும் பேருந்து நிற்குமா? இவற்றையும் கேட்கவேண்டும்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மீனம்பாக்கத்தில் விமானமும் மின்சார இரயிலும் அருகருகே வந்துவிட்டன. அவற்றுக்கிடையே கிடந்த சில படிகளைக் கடக்கத்தான் நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. அடுத்த முறை பேருந்து நிலையத்தில் பெரிய பெட்டியோடு ஒருவர் படியேறத் திணறுவதைக் கண்டால், ஒரு கை கொடுப்போம். அந்தப் படி அங்கே இருந்தே ஆகவேண்டுமா என்றும் கேட்போம்.